கீழ்த்தட்டுச் சரக்கு: ‘இந்த விலைக்குப் பரவாயில்லை’ என்ற தீர்ப்பைப் பற்றிச் சில குறிப்புகள்

1

அமெரிக்காவில் ஒரு மதுக்கடைக்குள் நுழைந்து விஸ்கி வரிசைக்கு முன்னால் நிற்கிறவர் முதலில் வாசிப்பது அலமாரியைத்தான். லேபிளெல்லாம் அப்புறம். உச்சியில், சில கடைகளில் பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், நூறு டாலரைத் தாண்டியவை. கண் உயரத்தில் நாற்பதும் ஐம்பதும். குனிந்து எடுக்க வேண்டிய இடத்தில் பதினைந்து டாலர் சுற்றுவட்டாரச் சரக்கு. அதற்கும் கீழே தரையை ஒட்டிக் கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் பாட்டில்கள். அந்த அடிவரிசையைத் தமிழில் சொல்லப்போனால் ‘கீழ்த்தட்டு’ என்றுதான் சொல்ல வேண்டும். அலமாரிக்கும் சமூகத்துக்கும் நம் மொழி ஒரே சொல்லை வைத்திருக்கிறது. தற்செயலாக இருக்கலாம். இந்தக் கட்டுரைக்கு வசதியாக இருப்பதால் எடுத்துக்கொள்கிறேன்.

விஸ்கி விமர்சனம் என்று ஒரு துறையே அங்கே வளர்ந்து கிடக்கிறது. தனிப் பத்திரிகைகள், நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண், போட்டிகள், பதக்கங்கள். மேல்தட்டுப் பாட்டிலைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லாடல் பூத்துக் குலுங்கும். உலர்ந்த அத்திப்பழம், பழைய தோல் நாற்காலி, மழை பெய்து ஓய்ந்த புகையிலைக் கொட்டகை என்று உவமைகள் வரிசைகட்டும். கீழ்த்தட்டுக்கு இறங்கியதும் மொழி சட்டென்று சுருங்கி ஒரு வாக்கியத்தில் வந்து நிற்கும்: ‘இந்த விலைக்குப் பரவாயில்லை.’

இந்த வாக்கியம் நமக்கு அந்நியமானதில்லை. புத்தக மதிப்புரைகளில் ‘முதல் தொகுப்பு என்ற அளவில் பரவாயில்லை’ என்று எழுதியிருக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். தீர்ப்புச் சொல்வது போன்ற பாவனையோடு தீர்ப்பிலிருந்து நழுவுகிற வாக்கியம் இது. எதிரே இருப்பதை அதன் பேரில் எடை போடாமல், அதற்கென்று ஒதுக்கப்பட்ட தட்டில் வைத்து, அந்தத் தட்டின் அளவுகோலால் ‘பாஸ்’ போட்டு அனுப்பிவிடுகிறது. சலுகை மதிப்பெண் மாதிரி. சலுகை தருகிறவர் எங்கே நின்று தருகிறார் என்பது மட்டும் வாக்கியத்தில் இருக்காது. மலிவான ஒரு போர்பனை முன்னால் வைத்துக்கொண்டு இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

2

முதலில் லேபிள் என்னும் பிரதி. போர்பன் என்ற சொல்லுக்கு அமெரிக்காவில் சட்டப் பொருள் உண்டு. ஊறலில் குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். காய்ச்சி வடிக்கும்போது சாராயச் செறிவு 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உட்புறத்தைத் தீயில் கரித்த புதிய ஓக் பீப்பாயில் ஊற்ற வேண்டும், ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பாட்டிலில் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். கென்டக்கியில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. 1964இல் அமெரிக்க காங்கிரஸ் இதைத் தன் நாட்டுக்கே உரிய தனிப்பொருள் என்று தீர்மானம் போட்டது.

‘ஸ்ட்ரெய்ட்’ என்ற அடைமொழி சேர்ந்தால் குறைந்தது 2 ஆண்டு பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். நிறமோ மணமோ சேர்க்கக் கூடாது. 4 ஆண்டுக்குக் குறைவானதென்றால் வயதை லேபிளில் கட்டாயம் போட வேண்டும். இதில் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஸ்ட்ரெய்ட் போர்பன் லேபிளில் வயது போடாமல் இருந்தால், குறைந்தது 4 வயது என்று அர்த்தம். லேபிளின் மௌனத்துக்கே சட்டம் பொருள் வைத்திருக்கிறது. லேபிள் பேசுகிற இடத்தில்தான் நாம் உஷாராக இருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, நான் சுவைக்க எடுத்துக்கொண்ட எவன் வில்லியம்ஸ் கறுப்பு லேபிள். கென்டக்கியின் ஹெவன் ஹில் நிறுவனத்துச் சரக்கு, 43 சதவீதம். அதன் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஆண்டு 1783. கென்டக்கியின் முதல் வணிகச் சாராயக்காரர் எவன் வில்லியம்ஸ் என்பதும், அவர் அந்த ஆண்டில் தொழில் தொடங்கினார் என்பதும் கதை. இந்தக் கதையை வரலாற்றாய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். நிறுவனம் தொடங்கியது 1935இல், மதுவிலக்கு நீங்கிய பிறகு. இந்தப் பெயரில் விஸ்கி சந்தைக்கு வந்தது 1957இல். ரொலான் பார்த்தின் ‘தொன்மங்கள்’ நூலும் அதே 1957இல்தான் வந்தது. வரலாற்றை இயற்கைபோலக் காட்டுவதே தொன்மத்தின் வேலை என்று பார்த் வாதிட்டார். இங்கே தொன்மம் வரலாற்றையே தயாரித்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கிறது. மேல்தட்டும் இதற்கு விலக்கில்லை. அதே நிறுவனத்தின் விலை கூடிய எலைஜா கிரெய்க், போர்பனைக் கண்டுபிடித்ததாகச் சொல்லப்படும் ஒரு பாப்டிஸ்ட் போதகரின் பெயரைத் தாங்கி 1986இல் வந்தது. அந்தக் கண்டுபிடிப்புக் கதைக்கும் ஆதாரம் கிடையாது.

லேபிளில் யார் பெயர் வரும், யார் பெயர் வராது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பக்கத்து மாநிலமான டென்னசியில் ஜாக் டேனியலுக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் நியரெஸ்ட் கிரீன் என்ற கறுப்பினத்தவர், அடிமையாக இருந்தவர். அந்தக் கம்பெனி அவரைத் தன் அதிகாரபூர்வ வரலாற்றுக்குள் வெளிப்படையாகக் கொண்டுவரத் தொடங்கியது 2016இல்தான். கென்டக்கியின் டிஸ்டிலரிகளிலும் அடிமைகள் உழைத்தார்கள். ஊறலை முகர்ந்தும் நாக்கில் வைத்தும் பதம் பார்த்தவர்களில் அவர்களும் உண்டு என்று கொள்வதில் தப்பில்லை. சுவைத் தீர்ப்பின் வரலாற்றில் இந்த நாக்குகளுக்குப் புள்ளி போடும் அட்டை கொடுக்கப்படவில்லை.

சட்டத்தின் மிகக் கடுமையான உத்தரவாதம் எந்தத் தட்டில் கிடைக்கிறது என்பது இன்னொரு விஷயம். வடித்த சாராயத்தில் நிறமும் மணமும் கூட்டிப் பழைய விஸ்கி என்று விற்ற காலத்தில், 1897இல், ‘பாட்டில்ட் இன் பாண்ட்’ சட்டம் வந்தது. ஒரே டிஸ்டிலரியில் ஒரே பருவத்தில் வடித்ததாக, அரசுக் கண்காணிப்புக் கிடங்கில் குறைந்தது 4 ஆண்டு இருந்ததாக, சரியாக 50 சதவீதச் செறிவுள்ளதாக இருந்தால்தான் அந்த முத்திரை கிடைக்கும். எவன் வில்லியம்ஸின் வெள்ளை லேபிள் அந்த முத்திரை பெற்றது. அதையும் குனிந்துதான் எடுக்க வேண்டும். நேர்மைக்கான முத்திரைக்கும் கௌரவத்துக்கான உயரத்துக்கும் இடையே கட்டாயத் தொடர்பு எதுவும் இல்லை.

3

சரி, பாட்டிலுக்குள்ளே என்னதான் இருக்கு?

போர்பனைப் பற்றிய சொற்களில் பெரும்பகுதி மரத்திலிருந்து வருகிறது. ஓக் மரத்தின் லிக்னின் தீயில் உடைந்து வெனிலின் ஆகிறது. ஐஸ்கிரீமில் நாம் அறிந்த அதே மணம். மரத்தின் ஹெமிசெல்லுலோஸ் சர்க்கரையாகிக் கருகிக் காரமல் வாசம் தருகிறது. ஓக்கின் லாக்டோன்களிடமிருந்து தேங்காய் மணம். டானின்களிடமிருந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும் உணர்வு. ஆங்கிலக் குறிப்புகள் இந்தக் கடைசி விஷயத்துக்கு ‘மரம்’, ‘வறட்சி’ என்று சுற்றிச் சுற்றி வருகின்றன. அறுசுவையில் ஒன்றாகத் துவர்ப்பை எண்ணுகிற ஒரு மொழிக்காரருக்கு அந்தச் சிரமம் இல்லை. பாக்கு மென்றவருக்கும் நாவல்பழம் தின்றவருக்கும் முதல் வாயிலேயே அது பிடிபடும். எங்களுடைய நாக்கு உயர்ந்தது என்று இதைக் கொண்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு மொழி எதைச் சுவை என்று எண்ணி வைத்திருக்கிறதோ அதை அந்த மொழிக்காரர் எளிதில் கண்டுகொள்கிறார், அவ்வளவுதான்.

எவன் வில்லியம்ஸுக்கும் எலைஜா கிரெய்க்குக்கும் ஊறல் ஒன்றே. மக்காச்சோளம் 78, முளைகட்டிய பார்லி 12, ரை 10 என்ற விகிதம். அதே ஈஸ்ட், அதே டிஸ்டிலரி. அப்படியென்றால் வித்தியாசம் எங்கே? காலத்திலும் இடத்திலும் தண்ணீரிலும். கென்டக்கியின் கிடங்குகள் பல மாடி உயரம். மேல்மாடியில் வெயில் தகிக்கும். அங்கே இருக்கும் பீப்பாய் வேகமாக முதிரும், வேகமாக ஆவியாகும். விலை கூடிய பாட்டிலுக்குக் கூடுதல் வயதுப் பீப்பாய்களைத் தேர்ந்தெடுத்துக் கலந்து 47 சதவீதத்தில் நிறுத்துகிறார்கள். மலிவானதற்கு இளைய பீப்பாய்கள். கூடத் தண்ணீர் சேர்த்து 43.

இந்த இடத்தில் நம் கோட்பாட்டு உற்சாகத்துக்குக் கொஞ்சம் கடிவாளம் போட வேண்டியிருக்கிறது. விலை வெறும் குறிப்பான், அதன் பின்னால் எதுவுமே இல்லை என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. பீப்பாயில் தூங்கும் ஒவ்வொரு வருஷமும் முடங்கிய முதல். ஆவியாகிப் போகிற சரக்கு. பீப்பாய்க்குக் கென்டக்கியில் ஆண்டுதோறும் கட்டிவந்த வரி. 2043க்குள் அந்த வரியைப் படிப்படியாக ஒழிக்க 2023இல்தான் சட்டம் வந்தது. தண்ணீர்க் கணக்கும் எளிது. 47 சதவீதத்தில் 100 பாட்டில் வரும் சாராயம் 43 சதவீதத்தில் ஏறத்தாழ 109 பாட்டில் வரும். மலிவு என்பதில் பொருளாயத உண்மை ஒன்று இருக்கிறது. அது திரவத்துக்குள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்த உண்மையின் அளவு என்ன, அதன்மேல் ஏற்றப்பட்ட அர்த்தத்தின் அளவு என்ன என்பதுதான் பிரச்சினை.

4

லூயிவில் நகரத்தில் கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டில் தங்கியிருந்தபோது இதைச் சோதித்துப் பார்த்தோம். மூன்று பாட்டில்களைச் செய்தித்தாளில் சுற்றி, கிளாஸின் அடியில் எண் எழுதி ஒட்டினான். இரண்டு நான் மேலே சொன்ன சகோதரச் சரக்குகள். மூன்றாவது வேறொரு ஆலையின் மூன்று வயது போர்பன். பக்கத்து வீட்டிலிருந்து, லாரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவரையும் அழைத்திருந்தான். முப்பது வருஷமாகக் கறுப்பு லேபிளைத் தவிர வேறெதையும் வீட்டுக்கு வாங்காதவர் என்று சொன்னான்.

மூன்று வயதுச் சரக்கை மூன்று பேருமே பிரித்துவிட்டோம். பச்சைத் தானிய வாசம் தூக்கலாக இருந்தது. காரம் முன்னால் வந்து மரம் பின்னால் நொண்டியது. மற்ற இரண்டில் நான் தடுமாறினேன். முதல் சுற்றில் இரண்டாம் எண் கிளாஸுக்கு எதிரே என் குறிப்பு இப்படி இருந்தது: வெனிலா, சுட்ட சர்க்கரை, வேகவைத்த சோளத்தின் இனிப்பு, நடுவில் மிளகு, துவர்ப்பு மெல்லியது, நிறைவு. மூன்றாம் எண்ணுக்கு: துவர்ப்பு நீளம், கொஞ்சம் கசப்பு, மரம் அதிகம். இரண்டாவதை முதலிடத்தில் போட்டேன். பெரியவர் இரண்டையும் மாற்றி மாற்றிக் குடித்துவிட்டு, ‘ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க. மூணாவது பெரியவன், கொஞ்சம் சிடுசிடுப்பு’ என்றார். எங்கள் மூவரில் மிகச் சரியான குறிப்பு அதுதான்.

தாளைப் பிரித்தோம். இரண்டாவது எவன் வில்லியம்ஸ். என் கை என்னை அறியாமல் பேனாவை எடுத்து ‘நிறைவு’ என்ற சொல்லின் மேல் போனது. ‘எளிமை’ என்று திருத்தலாம் என்று மனசு சொன்னது. நண்பன் பார்த்துவிட்டான். ‘என்னடா, தீர்ப்பு சொன்னப்புறம் சாட்சியத்த மாத்துறியா?’ என்று சிரித்தான்.

இந்தக் கட்டுரையை எழுதவைத்தது அந்தக் கணம்தான். கிளாஸில் இருந்த திரவம் மாறவில்லை, நாக்கும் மாறவில்லை. அப்போது தெரிந்துகொண்டது விலை மட்டுமே. அதைத் தெரிந்துகொண்டதும் ‘நிறைவு’ என்ற சொல் அந்தப் பாட்டிலின் தகுதிக்கு மீறியதாக எனக்குத் தோன்றிவிட்டது. ‘எளிமை’ என்பது பாராட்டு மாதிரி ஒலிக்கும், ஆனால் தட்டை விட்டு ஏற விடாது. நான் திருத்தப் போனது என் குறிப்பையா, என் இருக்கையையா?

‘மலிவான பாட்டில் ஜெயிச்சிடுச்சு’ என்று நண்பன் பெரியவரிடம் சொன்னான். அவர் கொஞ்சம் யோசித்தார். ‘மலிவா? வாரம் ஒண்ணு வாங்கிப் பாருங்க, மலிவான்னு தெரியும்’ என்றார்.

5

1757இல் எழுதிய சுவை குறித்த கட்டுரையில் டேவிட் ஹ்யூம் செர்வாண்டிசின் ‘டான் குவிக்ஸாட்’ நாவலிலிருந்து ஒரு கதையை எடுத்தாள்கிறார். ஒரு பெரிய பீப்பாய் ஒயினைச் சுவைத்து இரண்டு பேர் அபிப்பிராயம் சொல்கிறார்கள். ஒருவர், நல்ல ஒயின்தான், லேசாகத் தோல் வாசம் அடிக்கிறது என்கிறார். மற்றவர், லேசாக இரும்பு என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய ஒரு சாவி கிடக்கிறது. ரசனையின் நுட்பம் கற்பனையில்லை, பொருளில் உண்மையாகவே ஏதோ இருக்கிறது என்பதற்கு ஹ்யூமுக்கு இந்தச் சாவி சாட்சி. காண்ட் 1790இல் வேறு பக்கம் போகிறார். கேனரித் தீவு ஒயின் இனியது என்று ஒருவர் சொன்னால், ‘எனக்கு இனியது’ என்று சொல்லும்படி அவரைத் திருத்தலாம். நாவின் இன்பத்தில் பிறரின் உடன்பாட்டைக் கோர முடியாது. அழகைப் பற்றிய தீர்ப்பில் மட்டுமே அந்தக் கோரிக்கை செல்லும் என்பது அவர் வாதம். 1979இல் பியர் பூர்தியூ காண்டின் இந்தப் பிரிவினையையே வர்க்கத்தின் வேலையாகப் பார்த்தார். வயிற்றுக்கும் நாவுக்கும் நெருக்கமான இன்பங்களைக் கீழே தள்ளி, தூரம் காக்கும் ரசனையை மேலே வைப்பது வசதி படைத்தவர்கள் தங்களை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்திக்கொள்ளும் வழி என்றார்.

நம் சூழலில் பூர்தியூவைப் படித்ததும் ஹ்யூமைத் தூக்கி எறிந்துவிடுவது ஒரு பழக்கமாகிவிட்டது. ரசனை எல்லாமே கட்டமைப்பு, அதிகாரம், முடிந்தது விஷயம். லூயிவில் மேசையில் இது செல்லுபடியாகவில்லை. மூன்றாவது கிளாஸின் கூடுதல் துவர்ப்பு கட்டமைப்பில்லை. அது பீப்பாய்க்குள் கிடந்த சாவி. பெரியவர் எந்தக் கோட்பாடும் இல்லாமல் அதைக் கண்டார். அதே சமயம் என் பேனா நகர்ந்ததற்கு ஹ்யூமிடம் விளக்கம் கிடையாது. அதற்குப் பூர்தியூ வேண்டும். கலிஃபோர்னியாவில் நடந்து 2008இல் வெளியான ஒரு மூளை ஆய்வில் ஒரே ஒயினை இரண்டு வேறு விலை சொல்லிக் கொடுத்தார்கள். கூடிய விலை சொன்னபோது குடித்தவர்கள் அதை அதிகம் ரசித்ததாகச் சொன்னார்கள். மூளையில் இன்பத்தோடு தொடர்புடைய பகுதியும் கூடுதலாக இயங்கியது. ஆக, விலை நம்மைப் பொய் சொல்ல வைக்கிறது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இன்பத்துக்குள்ளேயே அது புகுந்துவிடுகிறது. சாவி உண்மை, விலைச்சீட்டும் உண்மை. நாக்கு இரண்டையும் சேர்த்தே சுவைக்கிறது. விமர்சகர் செய்யக்கூடியது, எது எது என்று பிரித்துச் சொல்ல முயல்வது.

மொழியே இதில் எவ்வளவு பங்கெடுக்கிறது என்பதைத் தமிழில் பார்க்கலாம். மலிவானதைக் குடிப்பவன் குடிகாரன். விலையுயர்ந்ததைக் குடிப்பவர் ரசிகர். னகர ஈறும் ரகர ஈறும் இங்கே அலமாரித் தட்டுகளாகிவிடுகின்றன. இரண்டு பாட்டிலிலும் உள்ள எத்தனால் ஈரலுக்கு ஒன்றுதான். குடியின் சேதத்தைப் பேச வேண்டுமென்றால் இரண்டு தட்டுக்கும் சேர்த்துத்தான் பேச வேண்டும். கீழ்த்தட்டுக்கு மட்டும் ஒழுக்கமும் மேல்தட்டுக்கு மட்டும் அழகியலும் ஒதுக்குவது விமர்சனத்தில் சேராது.

6

கீழ்த்தட்டைப் பாராட்டிவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடுமா என்றால், அங்கேதான் விஷயம் இன்னும் சிக்கலாகிறது.

ஹெவன் ஹில் நிறுவனத்துக்குத் தன் பெயரிலேயே ஒரு வெள்ளை லேபிள் விஸ்கி இருந்தது. 6 வயது, பாட்டில்ட் இன் பாண்ட், 50 சதவீதம். பெரும்பாலும் கென்டக்கிக்குள்ளேயே சுமார் 12 டாலருக்கு விற்றது. உள்ளூர்க்காரர்களுக்கு அன்றாடச் சரக்கு. போர்பன் மோகம் தலைக்கேறிய ஆண்டுகளில் ரசனையாளர்கள் இதைக் ‘கண்டுபிடித்தார்கள்’. ஏற்கெனவே மக்கள் இருக்கும் கண்டத்தைக் கண்டுபிடிப்பது மாதிரி. அமெரிக்காவின் மிகச் சிறந்த மலிவு போர்பன் என்று எழுதினார்கள். வெளிமாநிலங்களிலிருந்து வருகிறவர்கள் பெட்டி பெட்டியாகக் காரில் ஏற்றிப் போனார்கள். 2018 இறுதியில் அது நிறுத்தப்பட்டது. 2019இல் அதே பெயரில், ஒரு வயது கூட்டி 7 ஆண்டாக, புதிய பாட்டிலில், வேறு மாநிலங்களில், சுமார் 40 டாலருக்கு வந்தது. செறிவு அதே 50.

ஒரு வருஷ முதிர்ச்சிக்கு ஏதாவது விலை உண்டுதான். அது மூன்று மடங்கா? ரசனையாளர்கள் வாய்விட்டுச் சொன்ன பாராட்டைக் கணக்கில் சேர்க்காமல் அந்த மீதி எங்கிருந்து வந்தது என்று விளக்குவது கடினம். சரக்குக் கையிருப்பு, தேவை என்று கம்பெனிக்கு அதன் கணக்கு இருக்கும்; லாபத்துக்கு நடத்துகிறவர்கள் லாபம் பார்ப்பதில் ஆச்சரியம் இல்லை. என் கேள்வி விமர்சகரிடம்தான். ‘இந்த விலைக்கு அற்புதம்’ என்று அவர் எழுதிய வாக்கியம் யாருக்குப் பயன்பட்டது? அந்த விலைக்கு அதைக் குடித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பயன்படவில்லை. அவர்கள் கையிலிருந்து அது போய்விட்டது. வெல்லர் என்ற கோதுமை போர்பனுக்கும் இதே கதிதான். பஃபலோ டிரேஸ் ஆலையில் அதே வகை ஊறலிலிருந்து வரும் வான் விங்கிள் புகழ் பெற்றதும், ஒருகாலத்தில் சாதாரணமாகக் கடையில் கிடைத்த வெல்லர் வேட்டைப் பொருளாகிவிட்டது.

எதிர்த்திசையிலும் பயணம் உண்டு. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் குரோ பத்தொன்பதாம் நூற்றாண்டில் கென்டக்கியின் விஸ்கி தயாரிப்பை அளவீடுகளோடு ஒழுங்குபடுத்தியவர்களில் முக்கியமானவர். அவர் பெயர் தாங்கிய ஓல்டு குரோ ஒருகாலத்தில் பெரிய மனிதர்களின் மேசையில் இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் மிக அதிகம் விற்ற போர்பன்களில் ஒன்று. 1987இல் ஜிம் பீம் கைக்கு மாறி, 3 வயதுச் சரக்காகக் கீழ்த்தட்டுக்கு வந்து சேர்ந்தது. பெயர் அப்படியே இருந்தது, திரவம் மாறிவிட்டது. ஹெவன் ஹில் கதையிலோ திரவம் ஏறத்தாழ அப்படியே இருந்தது, தட்டு மாறிவிட்டது. பெயர், திரவம், தட்டு மூன்றும் தனித்தனியாக நகரக்கூடியவை. ‘இந்த விலைக்குப் பரவாயில்லை’ என்ற வாக்கியம் இந்த மூன்றையும் ஒரே முடிச்சாகக் கட்டி, அது இயற்கையான முடிச்சு என்று நம்மை நம்பவைக்கிறது.

7

அப்படியானால் விலையைச் சொல்லாமலே தீர்ப்பு எழுதிவிடலாமா? விலையை மறைத்துச் சுவைப்பது நல்ல பயிற்சி. விலையை மறைத்து எழுதுவது இன்னொரு ஏமாற்று. பதினைந்து டாலருக்கும் நூறு டாலருக்கும் வித்தியாசம் இல்லாதவருக்குத்தான் அது கட்டுப்படியாகும். விலையைச் சொல்ல வேண்டும், ஆனால் தனியாகச் சொல்ல வேண்டும். திரவத்தைப் பற்றிய வாக்கியம் முற்றுப்புள்ளியோடு முடிந்த பிறகு, அடுத்த வாக்கியத்தில். ‘இந்த விலைக்கு’ என்ற வேற்றுமை உருபு தீர்ப்புக்குள் நுழையக் கூடாது. சின்ன இலக்கண விஷயம்தான். அந்தக் ‘கு’வை எடுத்துவிட்டு எழுதிப் பார்த்தால், எவ்வளவு சோம்பலை அது இதுவரை மூடி வைத்திருந்தது என்று தெரியும்.

எழுதிப் பார்க்கிறேன். எவன் வில்லியம்ஸ் கறுப்பு லேபிளின் மணம் திறந்தது. வெனிலாவும் சுட்ட சர்க்கரையும் தேடாமலே வருகின்றன. நாக்கில் சோளத்தின் இனிப்பு முதலில் இறங்கி, ரையின் மிளகுக் காரம் பின்னால் வருகிறது. துவர்ப்பு அளவானது, வாயை வறட்டுவதில்லை. குறை என்றால், தொண்டையைத் தாண்டியதும் சீக்கிரம் முடிந்துவிடுகிறது; தண்ணீர் சேர்த்தால் நடுப்பகுதி மெலிந்து உடைகிறது, ஏற்கெனவே 43க்கு இறக்கிய சரக்கு அது. எலைஜா கிரெய்க்கில் அந்த முடிவு நீளம், மரத்தின் பேச்சும் நீளம். அன்று மாலை எனக்கு அது அதிகமாகப் பட்டது. கறுப்பு லேபிள் சமநிலை உள்ள, முழுமையான விஸ்கி. முற்றுப்புள்ளி.

இப்போது விலை: மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பதினைந்து டாலருக்குப் பக்கத்தில். வாரம் ஒன்று வாங்குகிறவருக்கு வருஷத்தில் எழுநூறு, எண்ணூறு டாலர். அது மலிவா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

லூயிவில் குறிப்புத்தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘நிறைவு’ என்ற சொல்லின் மேல் பேனா பட்ட ஒரு புள்ளி தெரிகிறது, அடிக்கவில்லை. இதை எழுதி அச்சேற்றுவதன் மூலம் நானும் அந்தப் பெரியவரின் பாட்டிலுக்கு உலை வைக்கிறேனோ என்ற பயம் வராமல் இல்லை. ஒரு தைரியம்தான். முந்நூறு பிரதி அச்சடித்து, அதிலும் பாதிக்குச் சந்தா வராத ஒரு பத்திரிகையின் பாராட்டால் கென்டக்கியில் எதுவும் விலை ஏறிவிடாது.